கண்டதும் கேட்டதும்

"டீச்சர், உங்கட சுருவிலில் படகு கவிழ்ந்திட்டாம்!" மாணவி கைப்பேசியை நீட்டினார். என் அண்ணன் அன்று கடலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். "நீர் கண்டீரா?" என்றேன். யாரோ அனுப்பியதாம்.

தாம் கண்டதைச் சாதாரண மக்களே செய்தியாக்குவது குடிமக்கள் ஊடகவியல். இலங்கையில் 2006இல் தொடங்கிய 'கிரவுண்ட்வியூஸ்' இதன் முன்னோடி. செய்தியாளர் எட்டிப்பாராத எங்கள் தீவுகளுக்கு இது மிகவும் வேண்டியது.

ஆனால் 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது என்ன? முஸ்லிம் உணவகத்தில் உணவுக்குள் கருத்தடை மாத்திரை என்று காணொளி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகுதான் வந்தது. யார் கண்டது, எங்கே, எப்போது என்று பகிர்ந்தவர்கள் கேட்கவில்லை.

அண்ணனை அழைத்தேன். கடலுக்கே போகவில்லை, முற்றத்தில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். படகு எதுவும் கவிழவில்லை.