கட்டை நின்ற இடம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்திரேலிய வரைபடத்தைக் காட்டி, "ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டார்கள், இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டாய். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. காகிதத்தில் கோடு போட ஒரு நிமிடம் போதும். அதை மண்ணில் கொண்டுபோய் நட்டவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் பேசு.

1880இல் அகஸ்டஸ் போப்பல் என்ற சர்வேயர் 26ஆம் தெற்கு அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு சிம்ப்சன் பாலைவனத்துக்குள் மேற்கே அளந்து போனார். இன்று குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் மூன்றும் கூடும் முனையில் கட்டை நட வேண்டும். அங்கே மரத்துக்கு எங்கே போவது? முல்லிகன் ஆற்றுப் பக்கம் கூலிபா மரத்தை வெட்டி, ஒட்டகம் பூட்டி மணல்மேடுகளுக்கு மேலே இழுத்துப் போனார்கள். கணக்குப்படி முனை உப்பு ஏரிக்குள் விழுந்தது. அங்கேயே நட்டார்கள்.

பிறகு சோதித்தால், அளந்த சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்: சங்கிலி 66 அடி, ஓர் அங்குலம் என்பது அதில் 792இல் ஒரு பங்கு. அவர் அளந்தது 141ஆம் தீர்க்கரேகையிலிருந்து 138 வரை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர். முனை சில நூறு மீட்டர் மேற்கே தள்ளிப் போய்விட்டது! லாரன்ஸ் வெல்ஸ் என்பவர் கட்டையைப் பிடுங்கி ஏரியின் கிழக்குக் கரையில் நட்டார். இதைப் போப்பலின் கவனக்குறைவு என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இழுபட இழுபட வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீளும். அந்தக் காலத்துச் சர்வேயர் எல்லாருக்கும் இருந்த தொல்லை அது.

ஆனால் அரசுகள் ஏற்றுப் பிரகடனம் செய்துவிட்ட கோட்டை அப்படிப் பிடுங்க முடியாது. தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா எல்லை 141இல் இருந்திருக்க வேண்டும். 1847இல் தொடங்கிய அளவையில் அது மூன்று கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே போய்விட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை நடந்து, 1914இல் விக்டோரியா வென்றது. மண்ணில் குறித்த கோடுதான் எல்லை, காகிதத்து எண் அல்ல.

மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையான 129ஆம் தீர்க்கரேகையிலும் அதே கதை. வடக்கே தனியாகவும் தெற்கே தனியாகவும் நிர்ணயித்த இரண்டு கோடுகள் 26ஆம் அட்சரேகையில் ஒன்றையொன்று தொடவில்லை. இடையில் 127 மீட்டர். 1968இல் அங்கே இரண்டு அடையாளங்கள் நிறுவினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லை அந்த 127 மீட்டருக்கு மட்டும் கிழக்கு மேற்காக மடிகிறது. கைபேசி 129 டிகிரி என்று காட்டும் இடத்தில் நின்றுகொண்டு இதுதான் எல்லை என்று வாதாடாதே.

அடுத்த முறை வரும்போது முர்ரே ஆற்றங்கரையில் உள்ள மக்கேப் முனையை வரைந்து கொண்டு வா. தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லை முர்ரே ஆற்றைத் தொட்டதும் ஏன் கிழக்கே ஒதுங்கி, பிறகு வடக்கே திரும்புகிறது என்பதை இப்போது நீயே சொல்லிவிடுவாய்.

அன்புடன்,
உன் ஆசிரியர்