நோயாளியின் குரல்

நுழையும்முன்

மருந்தை ஆய்வாளர் கண்டறிகிறார், மருத்துவர் தருகிறார், நோயாளி வாய்திறவாது வாங்கி உண்கிறார் என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். குருதிப் புற்றுநோய்க்கான ஒரு மாத்திரையின் வரலாற்றில் நோயாளிகளே இருமுறை பேசினர். ஒருமுறை மருந்து விரைந்து கிடைப்பதற்காக. மறுமுறை அதன் விலைக்காக.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் பழங்குடி மக்கள் சாமை விளைவித்தும் தேன், புளி முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்கின்றனர். மலையில் தீராத நோய்க்குப் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்க வேண்டும். நோய் கடுமையானால் வேலூருக்குச் செல்ல வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. உயர்ந்த மருத்துவம் மலையடிவாரத்திற்கு அருகிலேயே இருக்கிறது. ஆயினும் மருத்துவமனை அருகில் இருப்பது வேறு. மருந்து கைக்கு எட்டுவது வேறு. சாமை விதைக்கும் ஒருவருக்கு நாள்பட்ட மைலாய்டு லுகேமியா வந்திருந்தால், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்குரிய மாத்திரையின் விலை மாதத்திற்கு ஏறத்தாழ ரூ.1,20,000.

இந்நோயின் வேர் மிக நுண்ணியது. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. அதனால் உருவாகும் பிழையான புரதம், வெள்ளணுக்களைப் பெருகிக்கொண்டே இருக்குமாறு தூண்டுகிறது. அவ்வாறு குறுகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் பிலடெல்பியா நகர ஆய்வாளர்கள் கண்டனர். நோய் சில ஆண்டுகள் மெல்ல நகரும், பின்னர் சீறும். மஜ்ஜை மாற்று இயலாதவர்க்கு, காய்ச்சலும் சோர்வும் தரும் இன்டர்பெரான் ஊசி துணையாயிருந்தது. அப்பிழைப் புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மருந்தை, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார்.

அதே ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியலில் வாழ்ந்த சூசன் மெக்நமாரா என்னும் இளம்பெண்ணுக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. புதிய மாத்திரையால் பிறர் தேறிவருவதை அவர் இணையத்தின் வழியே சக நோயாளிகளிடமிருந்து அறிந்தார். ஆனால், சோதனையில் புதியவர்களைச் சேர்க்கப் போதிய மருந்து இல்லை. 1999இல் அவர் ஒரு வேண்டுகோள் மடலை எழுதி இணையத்தில் வெளியிட்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். மடல் நோவார்ட்டிஸ் நிறுவனத் தலைவருக்குச் சென்றது. நிறுவனம் உற்பத்தியைப் பெருக்கியது. சூசன் அறிவியலுக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. எத்தனை பேர் காத்திருக்கின்றனர் என்பதையே சொன்னார்.  2000ஆம் ஆண்டில் சோதனையில் சேர்ந்து நலம்பெற்ற அவர், பின்னர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் குருதிப் புற்றுநோயையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

மருந்து பிறந்துவிட்டது, விலை எஞ்சியது. அடுத்த குரல் ஒலித்த இடம் சென்னை. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. அதே மாத்திரையை இந்திய நிறுவனங்கள் மாதம் ரூ.8,000 முதல் ரூ.10,000 வரையிலான விலையில் அளிக்க முடிந்தது. காப்புரிமை கிடைத்திருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும். மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு அளித்தது. அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம், நோய்தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்னும் சட்டப்பிரிவு 3(ஈ) 2005 முதல் நடைமுறையில் இருந்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடியானது. அச்சட்டப்பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

நிறுவனத்தின் பக்கத்தையும் கூறுவதே முறை. புதிய மருந்தைக் கண்டறிய ஆகும் பெருஞ்செலவை எவரேனும் ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் வாதம். இந்திய நோயாளிகள் பலருக்கு அம்மருந்தை அது விலையின்றியும் வழங்கியது. அதனால் பிழைத்தவர் பலர். ஆயினும் கொடையாக வருவது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது; அது நின்றுபோனால் கேட்க வழியில்லை. 

விலை குறைந்தபின்னும் ஒரு வேலை மீந்திருக்கிறது. இம்மாத்திரையை மருத்துவர் கூறும்வரை நாள்தோறும் தவறாது உண்ண வேண்டும். உடல் தேறியதும் நிறுத்திவிடுவோர் உண்டு. அவர்களில் பலரிடம் நோய் மீண்டும் தலைதூக்கும். இந்தியாவில் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ என்னும் நோயாளிகள் குழுவினர் ஒன்றுகூடி, ஒருவர்க்கொருவர் இதனை நினைவூட்டி வருகின்றனர். மருத்துவர் பலமுறை சொல்லியும் மனத்தில் பதியாத செய்தி, “பத்தாண்டாக நான் உண்கிறேன், இன்றும் வயலுக்குப் போகிறேன்” என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னால் பதிந்துவிடும். மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வருபவர், மாத்திரையோடு அச்சொல்லையும் பெற்றுக்கொண்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்பலாம்.