ஒன்றுமில்லை என்ற திரையும் நாலாம் அத்தியாயமும்

என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தை வைவாவில் ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் கழித்துக்கட்டினார்கள். அந்த வாக்கியம் இதுதான்: மலாயாவின் ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தப் பயணத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. திருத்தி எழுதி, பட்டமும் வாங்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் ஆகிவிட்டது. ஆனாலும் இணையத்தை நம்பி ஆய்வில் இறங்கும் தம்பி தங்கைகளைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எனக்குச் சொல்லவில்லை என்பதும் ஒரு காரணம்.

பயணம் என்றது ஈ.வெ. ராமசாமி 1929 டிசம்பரில் மலாயா வந்ததை. மனைவி நாகம்மையோடும் தோழர்களோடும் கப்பலில் வந்து, முதலில் காலடி வைத்தது நம் பினாங்கில்தான். இங்கிருந்து ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு 1930 ஜனவரியில் ஊர் திரும்பினார். இந்த ஆளை உள்ளே விடக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. கோலாலம்பூரில் 1924 முதல் ‘தமிழ் நேசன்’ நடத்திய நரசிம்ம ஐயங்கார் அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘முன்னேற்றம்’ இதழ் வழியாக மறுபக்கம் நின்றார். தமிழர்கள் இப்படி இரண்டுபட்டு நின்றபோது வெள்ளைக்காரர் படித்த பத்திரிகைகள் என்ன எழுதின? இதுதான் என் நாலாம் அத்தியாயத்தின் கேள்வி.

என் நிலைமை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை, பல்கலைக்கழகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஷிஃப்ட் முடிந்து வந்து, பிள்ளையைத் தூங்கவைத்து, மாமியார் சீரியல் பார்த்து முடித்த பிறகுதான் வைஃபை நம் கைக்கு வரும். நூலகத்தில் உட்கார்ந்து மைக்ரோஃபிலிம் சுற்றிப் பார்க்கும் வசதி முழுநேர மாணவர்களுக்கு. நமக்கு நூலகம் என்றால் திரைதான்.

நல்லவேளை, திரையில் நிறையவே இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நடத்தும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தை முதலில் பழகிக்கொள்ளுங்கள். பினாங்கைப் பற்றிப் படிக்கச் சிங்கப்பூர்த் தளத்துக்கு ஏன் போக வேண்டும் என்று என் மாமா கேட்டார். 1929இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. ஒரு ஊர்ச் செய்தியை இன்னொரு ஊர்ப் பத்திரிகை எடுத்துப் போடுவது அன்றாட வழக்கம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து, மலாயா ட்ரிப்யூன் 1914இலிருந்து என்று அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. கணக்குத் திறப்பது, வடிகட்டுவது, பக்கத்தைச் சேமிப்பது எல்லாம் ஒரு மாலையில் வந்துவிடும், அதற்கெல்லாம் வகுப்பு வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘பெரியார்’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வந்ததெல்லாம் பெரியாறு நீர்த்தேக்கமும் மதுரைப் பாசனமும். நியாயம்தான்: அந்தப் பட்டம் 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குப் பிறகுதான் ஊரறிய நிலைத்தது. அதனால் ‘ராமசாமி’ என்று தட்டினேன். இந்த நாட்டில் எத்தனை ராமசாமிகள்! தோட்டத்தில் வழுக்கி விழுந்தவர், சைக்கிள் திருடியவர், கோர்ட்டில் சாட்சி சொன்னவர். பெயருக்கு முன்னால் ஈ, வி என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துத் தட்டினேன். முடிவுகள் எதுவும் இல்லை என்றது திரை.

‘நாயக்கர்’ என்று நான் தட்டவில்லை. வேண்டுமென்றே தட்டவில்லை. அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அவரே தன் பெயரிலிருந்து வெட்டி எறிந்த வாலை நான் எடுத்து ஒட்டவைத்துத் தேடுவதா என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் 1929இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அச்சுக் கோத்தவருக்குச் செங்கல்பட்டுத் தீர்மானத்தைப் பற்றி என்ன கவலை? அவர்கள் மிஸ்டர் நாயக்கர் என்றே போட்டுக்கொண்டு போனார்கள். எதிர்த்து எழுதியவர்களுக்கோ அந்தப் பெயரை விட மனமே இல்லை.

திரை காலியாக இருந்ததை நான் மௌனம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு கோட்பாடும் கிடைத்தது. காலனிய அச்சு ஊடகம் கூலித் தமிழனின் அரசியலைக் காணாததுபோல் கடந்துபோனது என்று, மேற்கோள் மேல் மேற்கோளாக, அழகான அத்தியாயம். மேற்பார்வையாளர் படித்துவிட்டு ஓரத்தில் மிக நன்று என்று எழுதினார். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வைவாவில் ஆறின காப்பியைக் குடித்துக்கொண்டே அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டதையும் மறக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. பையிலிருந்து சில நகல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் அந்த டிசம்பர், ஜனவரிப் பத்திரிகைத் துண்டுகள். மிஸ்டர் நாயக்கர் வந்தார், பேசினார், எதிர்த்தார்கள். நான் மாதக்கணக்கில் புழங்கிய அதே தளத்திலிருந்து இறக்கியவைதான். “அம்மா, நீங்கள் தேடியது இவரை. இவர்கள் எழுதியது அவரை,” என்றார். பெருந்திருத்தம், இன்னொரு பருவம், இன்னொரு பருவக் கட்டணம். ஓவர்டைம் காசு முழுவதும் அதற்கே போயிற்று. கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு காசு நட்டமில்லை.

ஆகவே, நீங்கள் யாரைத் தேடினாலும், அந்த ஆண்டில், அந்தப் பத்திரிகையில், அவரைப் பிடிக்காதவர் அவரை எப்படிக் குறிப்பிட்டிருப்பார் என்று முதலில் யோசியுங்கள். நமக்கு உறுத்துகிற சொல்லையும் தட்டித்தான் ஆக வேண்டும். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் நம் முன்னோரைத் தேடுகிறவர் ‘தமிழர்’ என்று மட்டும் தட்டினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். ‘கிளிங்’ என்றும் ‘சூலியா’ என்றும்தான் அவர்களைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. ராமசாமியை டபிள்யூ போட்டும் போடாமலும், கடைசியில் ஐ வைத்தும் வை வைத்தும் எழுதியிருப்பார்கள். நாயக்கரில் சி வரும், வராது. இதற்கு மேல் எழுத்துணரி செய்யும் கூத்து தனி. பழைய அச்சைப் படம் பிடித்து, எந்திரமே எழுத்தைப் படித்து வைத்ததைத்தான் நாம் தேடுகிறோம். மை பரவிய சி அதன் கண்ணுக்கு ஓ. பத்தியின் ஓரத்தில் பெயர் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போனால் அதற்கு அது பெயரே இல்லை. பெயரின் எல்லா உருவத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டி அடித்துக்கொண்டே வாருங்கள்.

பெயரை அறவே விட்டுவிட்டுத் தேடுவது இன்னும் மேல். ‘சுயமரியாதை’ என்பதன் ஆங்கிலத்தைத் தட்டினேன். கப்பல் வருகைப் பட்டியலைப் பார்த்தேன். மண்டபப் பெயர்களைத் தட்டினேன். கடைசியில் அதையும் விட்டேன். தேதியை 1929 டிசம்பர் நடுவிலிருந்து வைத்துக்கொண்டு, தேடாமல், பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ரப்பர் விலை, குதிரைப் பந்தயம், கிறிஸ்துமஸ் விருந்து விளம்பரம் எல்லாவற்றையும் தாண்டி. அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில் ரப்பர் விலை பற்றி எத்தனை பத்தி, நம்மவர் சண்டை பற்றி எத்தனை பத்தி என்று பார்த்தபிறகுதான் நாலாம் அத்தியாயம் ஒழுங்காக எழுத வந்தது. தேடி எடுத்த துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் மிஸ்டர் நாயக்கரைத் தவிர மலாயாவில் வேறு பேச்சே இல்லை என்று எதிர்ப்பக்கம் போய் விழுந்திருப்பேன்.

தமிழ்ப் பக்கம் வந்தால் வேறு தொல்லை. ‘குடி அரசு’ தொகுப்புகள் பிடிஎஃப்பாகக் கைக்குக் கை போகின்றன. அவற்றில் பல, யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. அதற்குள் ‘பினாங்கு’ என்று தேடினால் ஒன்றும் வராது. மறுபடியும் அதே ‘இல்லை’! இந்த முறை நான் ஏமாறவில்லை, உட்கார்ந்து கண்ணாலேயே படித்தேன். தொகுப்பு என்பது திரும்பத் தட்டச்சு செய்தது, அதில் விளம்பரம் இருக்காது, பக்க அமைப்பு இருக்காது. மூல இதழ் வேண்டுமென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கேளுங்கள். எந்த இதழ், எந்த மாதம் என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வரும். “பெரியார் பற்றி எல்லாம் அனுப்புங்கள்” என்றால் யார் பதில் போடுவார்கள்?

பெரிய நூலகங்களின் பட்டியலில் தமிழ்ப் பெயரைத் தேடும் வித்தையை எந்தப் பட்டறையிலும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அங்கே நாம் ஒலிக்கிறபடி எழுதமாட்டார்கள். தமிழ் எழுத்துக்கு நேர் எழுத்து வைத்திருக்கிறார்கள். நம் சகரத்துக்கு எஸ் அல்ல, சி. ‘அரசு’ என்பதை ஏ, ஆர், ஏ, சி, யூ என்று தட்ட வேண்டும். ‘நேசன்’ என்பதிலும் அதே சி. இது தெரியாமல் அமெரிக்காவில் நம் இதழ் ஒன்றுகூட இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பட்டறை நடத்தியவர்கள் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்றால், மேற்கோளில் காற்புள்ளி எங்கே வரவேண்டும் என்று அரை நாள்.

கப்பல் பெயர், இறங்கிய நாள், வரவேற்கத் திரண்ட கூட்டத்தின் அளவு போன்றவை இணையத்தில் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே எழுத்துப்பிழை எல்லாத் தளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லாம் ஒருவரிடமிருந்து எடுத்தவை, எத்தனை இருந்தாலும் கணக்கில் ஒன்று. சாட்பாட்டிடம் கேட்ட கதை இன்னும் மோசம். என் தலைப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் தந்தது. அப்படியொரு புத்தகம் எந்தப் பட்டியலிலும் இல்லை. இங்கேயாவது ‘இல்லை’ என்றால் இல்லைதான் என்று எல்லா எழுத்துக்கூட்டிலும் தேடியபிறகே நம்பினேன்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, ஸொட்டெரோவில் சேர்ப்பது எல்லாம் யூடியூபில் இருக்கிறது. வீட்டில் முடியாத நாளில் கிரீன் லேனில் 2016இல் திறந்த பினாங்கு டிஜிட்டல் நூலகத்துக்குப் போய்விடுங்கள், ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டாரில் பக்கம்தான், மாமியாரும் அங்கே வரமாட்டார். என்ன தட்டினீர்கள், எந்தத் தேதிக்குள், எந்தப் பத்திரிகையில், என்ன வந்தது என்பதை மட்டும் ஒவ்வொரு இரவும் எழுதி வையுங்கள். அது இருந்திருந்தால் வைவாவில் ‘நான் இந்தச் சொற்களில் தேடினேன், கிடைக்கவில்லை’ என்று சொல்லியிருப்பேன். ‘பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை’ என்று எழுதியிருக்கமாட்டேன்.

என்னோடு சேர்ந்த ஒருவர் தன் பேராசிரியரின் கோப்புறையையே வாங்கிக்கொண்டு, ஒரு பக்கமும் தேடாமல், எனக்கு முன்னால் பட்டம் வாங்கினார். “கூகுளில் எல்லாம் இருக்கே, நீங்கள்தான் தேடத் தெரியாமல் இருக்கிறீர்கள்,” என்று விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். எழுத்துக்கூட்டுப் பட்டியல் எழுதிய என் நோட்டை இப்போது ஒழுங்காகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கேட்கிற மாணவர்களுக்கெல்லாம் அனுப்புகிறேன். அவரும் இப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, போன வாரம் வாட்ஸப்பில் அதைக் கேட்டிருக்கிறார். நீல டிக் விழுந்திருக்கும், பார்த்துக்கொள்ளட்டும்.