ரெக்கார்டு பிளேயர்: எந்தக் கை நம்ம ஊருக்குத் தோது?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பழைய இசைத்தட்டு வைத்திருப்போர் கவனத்துக்கு:

• தட்டு வெட்டும் கருவி நேர்கோட்டில் நகரும். பிளேயரில் முள்ளைத் தாங்கும் சுழல் கையோ வில்லாக நகரும். அதனால் முள்ளின் கோணம் ஓரிரு டிகிரி பிசகும். பாட்டுக் கேட்க அது பெரிய குறையல்ல.

• நேர்கோட்டுக் கையில் (டெக்னிக்ஸ் எஸ்.எல்.-10, 1979) இந்தப் பிசகு இல்லை எனலாம். ஆனால் கையை நகர்த்தத் தனி மோட்டார் வேண்டும். கரிசல் புழுதியும் தறிப் பஞ்சும் அடைத்தால் தடுமாறும். உதிரிபாகம் கிடைப்பதும் சிரமம். சுழல் கையே தோது.

• முள்ளைப் பின்னிருந்து முன்னாக மட்டும் துலக்குங்கள். கேட்டு முடித்ததும் மூடியைப் போடுங்கள்.

• 78 வேகத் தட்டுக்குத் தனி முள் வேண்டும். இவற்றில் அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், கரைந்துவிடும்.