பெற்றோரின் பொறுமையும் பிள்ளைகளின் நலமும்

காலை நேரம். தந்தை அலுவலகத்திற்குப் புறப்பட வேண்டும். மூன்று வயதுச் சிறுவன் கூடத்தின் நடுவே நின்று, தன் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முயன்றுகொண்டிருக்கிறான். புருவம் சுருங்கியிருக்கிறது, நாக்கு சற்றே வெளியே நீண்டிருக்கிறது. பொத்தான் நழுவுகிறது, மீண்டும் முயல்கிறான், மீண்டும் நழுவுகிறது. கடிகாரத்தைப் பார்த்த தந்தை குனிந்து, அவனுடைய கைகளை விலக்கிவிட்டு, பத்து விநாடிகளில் எல்லாப் பொத்தான்களையும் போட்டு முடிக்கிறார். சிறுவன் வீறிட்டு அழுகிறான். ‘உதவி செய்ததற்கு அழுகையா? எவ்வளவு பிடிவாதம்!’ என்று தந்தை கடிந்துகொள்கிறார்.

இக்காட்சி நிகழாத இல்லம் அரிது. தந்தை அன்பில்லாதவர் அல்லர். சிறுவனும் பிடிவாதக்காரன் அல்லன். தந்தைக்குச் சட்டை அணிவது ஒரு வேலை. அது விரைவில் முடிந்தால் போதும். மகனுக்கோ பொத்தான் போடுவதே நோக்கம். முடிந்த வேலையை அவனிடம் கொடுத்து, செய்யும் வேலையை அவனிடமிருந்து பறித்துக்கொண்டார் தந்தை. தான் இழந்தது இன்னதென்று சொல்லத் தெரியாத வயது ஆதலால் அவன் அழுதான்.

குழந்தையின் இந்த அழுகைக்கு என்ன பொருள் என்று ஆராய்வதற்காகவே தம் தொழிலைத் துறந்த ஒருவர் குஜராத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் கிஜுபாய் பதேகா.

வழக்கறிஞர் ஆசிரியரானார்

1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்ற ஊரில் பிறந்தவர் கிஜுபாய். இளமையில் பிழைப்பைத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றார். திரும்பி வந்து பம்பாயில் சட்டம் பயின்று, வத்வானில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1913-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். தம் மகனை எத்தகைய பள்ளிக்கு அனுப்புவது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. பிரம்பும் மனப்பாடமும் ஆட்சி செய்த அக்காலத் திண்ணைப் பள்ளிகளின் அனுபவம் அவருக்கும் உண்டு. அதே பாதையில் மகனையும் அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை.

அவ்வேளையில் மோதிபாய் அமீன் என்ற கல்வித் தொண்டரின் தொடர்பால், இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறை அவருக்கு அறிமுகமாயிற்று. ஒரு தந்தையின் கவலையாகத் தொடங்கியது வாழ்நாள் பணியாக மாறியது. 1916-இல் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, பாவநகரில் நானாபாய் பட் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே சிறு குழந்தைகளுக்காக ‘பால மந்திர்’ தொடங்கப்பட்டது. அதன் குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்டவர்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினர்: ‘மூச்சாளி மா’, அதாவது மீசை வைத்த அம்மா! பல்கலைக்கழகம் எதுவும் வழங்க இயலாத பட்டம் அது.

மாண்டிசோரி முறையில் ஓர் எளிய சாதனம் உண்டு. மரச்சட்டம் ஒன்றில் இரண்டு துணித் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றில் பொத்தான்கள், மற்றொன்றில் துளைகள். வேறு சட்டங்களில் முடிச்சிடும் நாடாக்களும் கொக்கிகளும் இருக்கும். குழந்தை தான் விரும்பும் வரை அதில் பழகலாம், எவரும் அவசரப்படுத்துவதில்லை. சட்டை அணியும்போது ஒரே சமயத்தில் பல தொல்லைகள்: கழுத்துப்பட்டையின் கீழுள்ள பொத்தான் கண்ணுக்குத் தெரியாது, துணி நழுவும், பெரியவர்கள் காத்திருப்பார்கள். சட்டத்திலோ கடினமான அந்த ஒரு செயல் மட்டும் தனியே பிரித்து, கண்ணெதிரே வைக்கப்படுகிறது. பெற்றோர் இச்சாதனத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்துக் கொடுத்தாலே போதும். மாலையில், எவருக்கும் அவசரமில்லாத நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பதே முக்கியம்.

விரல்களின் நுண்மையான இயக்கம் இவ்வாறுதான் வளர்கிறது. பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கப்போவதும் இதே விரல்கள். ஆயினும் கிஜுபாயின் கவனம் விரல்களோடு நின்றுவிடவில்லை. ‘என்னால் இது முடியும்’ என்ற உறுதி குழந்தைக்குச் சொல்லால் வருவதன்று, செயலால் வருவது. நாள்தோறும் நூறு முறை கைகள் விலக்கப்படும் குழந்தை, ‘உன்னால் முடியாது’ என்ற பாடத்தையே நூறு முறை கற்கிறது.

உணவும் உறக்கமும்

பொத்தானில் நிகழ்வதே உணவிலும் நிகழ்கிறது. அங்கே உடல்நலமும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. ‘இன்னும் இரண்டே வாய்’ என்று கெஞ்சுவதும், மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், அண்மைக் காலமாகக் கைப்பேசியில் படத்தை ஓடவிட்டு, குழந்தை தன்னை மறந்து வாயைத் திறக்கும்போது சோற்றை உள்ளே தள்ளுவதும் பல இல்லங்களில் அன்றாட வழக்கமாகிவிட்டன. தாயின் கவலை உண்மையானது. ஆனால் பசி என்றால் என்ன, நிறைவு என்றால் என்ன என்று தன் வயிற்றைக் கேட்டு அறியும் திறன் குழந்தைக்கு இயல்பாகவே உண்டு. திரையைப் பார்த்தபடி விழுங்கும் குழந்தை அக்குரலைக் கேட்கப் பழகுவதில்லை. எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும்; எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும் என்பதே இன்றைய குழந்தை நல மருத்துவர்கள் பலர் கூறும் அறிவுரை. ஒரு வேளை குறைவாக உண்ட குழந்தை மறுவேளையில் ஈடுசெய்துகொள்ளும். எடை குறைந்துகொண்டே வந்தாலோ, விளையாட்டில் நாட்டமின்றிச் சோர்ந்து கிடந்தாலோ, அது வேறு விஷயம். அப்போது மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

உறக்கத்தைப் பற்றிப் பெற்றோர் இந்த அளவுக்குக் கவலைப்படுவதில்லை. உண்மையில் கவலைப்பட வேண்டியது இங்கேதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேர உறக்கமும், குறைந்தது 180 நிமிட உடல் அசைவும் வேண்டும். திரையின் முன் அமர்ந்திருப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று அது கூறுகிறது. இரவு பத்தரை மணி வரை கூடத்தில் தொலைக்காட்சி ஓடும் வீட்டில், காலை ஏழு மணிக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு எட்டரை மணி நேர உறக்கமே கிடைக்கிறது. அக்குழந்தை காலையில் சிடுசிடுத்தால், ‘குணமே அப்படி’ என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்! அது குணமன்று, தூக்கக் குறைவு.

தண்டனையும் பரிசும்

கிஜுபாய் தண்டனையை ஏற்கவில்லை என்பதில் வியப்பில்லை. அவர் பரிசையும் ஏற்கவில்லை என்பதே பலரைத் திகைக்கச் செய்யும்.

முதலில் தண்டனை. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வொன்றை 2007-இல் வெளியிட்டது. மூன்று குழந்தைகளில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானவர்கள் என்று அந்த ஆய்வு தெரிவித்தது. குடும்பத்திற்குள் அவ்வாறு துன்புறுத்தப்பட்டோரில் 88.6 விழுக்காட்டினரைத் துன்புறுத்தியவர்கள் பெற்றோரே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், பள்ளியில் குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. ஆயினும் அப்பிரிவு இல்லத்தின் வாசற்படியில் நின்றுவிடுகிறது. உள்ளே காவலாக இருப்பது பெற்றோரின் மனசாட்சி ஒன்றுதான்.

அடித்தால் திருந்துகிறதே என்பார்கள். அடித்தவுடன் குழந்தை அச்செயலை நிறுத்துவது உண்மை. ஆனால் அது நிறுத்தியது செயலின் தீமையை உணர்ந்தா, கையின் வலிமையை அஞ்சியா? அஞ்சி நிறுத்தியதென்றால், கை இல்லாத இடத்தில் அச்செயல் தொடரும். அத்துடன் பொய்யும் சேர்ந்துகொள்ளும். குழந்தை முதன்முதலில் பொய் சொல்லக் கற்பது பெரும்பாலும் அடிக்குத் தப்புவதற்காகவே என்பதைப் பெற்றோர் தம் பால்யத்தை எண்ணிப் பார்த்தாலே அறியலாம்.

பரிசுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ‘பால் குடித்தால் சாக்லேட்’ என்னும்போது பால் ஒரு தண்டனை என்பதைப் பெரியவர்களே ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். சாக்லேட் அதற்கான கூலி. 1973-இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் மழலையர் பள்ளி ஒன்றில், ஓவியம் தீட்டுவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினர். ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று சிலருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. சில நாட்களுக்குப் பின் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் ஓய்வு நேரத்தில் வரைவது குறைந்திருந்தது. பரிசின் பேச்சே இல்லாத குழந்தைகளின் ஆர்வம் அவ்வாறு குறையவில்லை. செயலில் இருந்த ஆனந்தத்தைப் பரிசு திருடிக்கொண்டது! பாவநகரில் கிஜுபாய் கண்ணால் கண்டு தெளிந்ததை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து ஆய்வுக்கூடம் கண்டறிந்தது.

மனிதனை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, அவனையே நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட்டின் புகழ்பெற்ற நெறி. தத்துவ வகுப்புகளில் இதற்கு எடுத்துக்காட்டாக அடிமை முறையையும் பொய் வாக்குறுதியையும் கூறுவது வழக்கம். உறவினர்கள் முன் பாட்டுப் பாடச் சொல்லி நிறுத்தப்படும் நான்கு வயதுக் குழந்தையையும் அப்பட்டியலில் சேர்க்கலாம். அங்கே பாட்டு குழந்தைக்காக அன்று, பெற்றோரின் பெருமைக்காக.

சுதந்திரம் என்பது கைவிடுவதன்று

இதைக் கேட்டு, ‘அப்படியானால் பிள்ளைகளைத் தம் போக்கில் விட்டுவிட வேண்டுமா?’ என்று ஐயுறுவோர் உண்டு. ஐயம் நியாயமானதே. கிஜுபாய் எழுதிய ‘திவாஸ்வப்னம்’ என்ற நூலில் இதற்குச் சுவையான விடை இருக்கிறது. 1932-இல் குஜராத்தியில் வெளிவந்த இந்நூல் ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. நான்காம் வகுப்பொன்றை ஓராண்டுக்குத் தம் சோதனைக்கெனப் பெற்றுக்கொள்ளும் ஓர் ஆசிரியரின் கற்பனைக் கதை அது. முதல் நாளே பெரும் நம்பிக்கையுடன் ‘அமைதி விளையாட்டு’ தொடங்குகிறார். பிள்ளைகள் கூச்சலிட்டு அதைக் குலைத்துவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்தது வகுப்பில் பலிக்கவில்லை! வேறு வழியின்றி அன்று விடுமுறை அளித்து அனுப்புகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு தானாகவே அடங்கி அமர்கிறது. தாம் தோற்றதை மறைக்காமல் எழுதியிருப்பதே அந்நூலின் சிறப்பு.

அந்த ஆசிரியர் பாடத்திற்கு முன் பிள்ளைகளின் நகங்களையும் தலைமுடியையும் உடையையும் கவனிக்கிறார். அழுக்கைச் சுட்டிக்காட்டி அவமதிக்கவில்லை, தூய்மையைப் பழக்குகிறார். சுதந்திரத்திற்கும் ஒழுங்குக்கும் அங்கே பகையில்லை. நெருப்பைத் தொடலாகாது, பிறரை அடிக்கலாகாது என்பன போன்ற எல்லைகள் சிலவே இருக்கட்டும். அவை நாளுக்கு நாள் மாறாமல் இருக்கட்டும். தந்தை மறுத்ததைத் தாயோ பாட்டியோ ரகசியமாக அனுமதிக்கும் வீட்டில், குழந்தை எல்லையைக் கற்பதில்லை. எவரிடம் எப்போது கேட்பது என்ற அரசியலையே கற்கிறது.

கதையைப் பொறுத்தவரை கிஜுபாய் தம் குருவிடமிருந்தே விலகினார் என்பது குறிப்பிடத்தக்கது. கற்பனைக் கதைகள் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல என்று மாண்டிசோரி அம்மையார் கருதினார். கிஜுபாயோ கிராமத்துப் பாட்டிகளின் வாயிலிருந்த நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிக் குழந்தைகளுக்காக எழுதிக் குவித்தார். சாதனங்களை ஐரோப்பாவிலிருந்து பெற்றுக்கொண்டவர், கதையை மட்டும் சொந்த மண்ணில் தேடினார். இவ்விஷயத்தில் சீடரே சரியென்று தோன்றுகிறது. விளக்கை அணைத்தபின் தாத்தாவின் அருகே படுத்துக் கதை கேட்கும் குழந்தைக்கு மொழியும், பாதுகாப்பு உணர்வும், நல்லுறக்கமும் ஒருங்கே வாய்க்கின்றன. ‘பூச்சாண்டி வருவான்’, ‘போலீஸ்காரர் பிடித்துச் செல்வார்’ என்னும் அச்சுறுத்தல்கள் இதற்கு நேர்மாறானவை. துன்பம் நேரும்போது எவரிடம் ஓடிச் செல்ல வேண்டுமோ அந்தக் காவலரையே கண்டு அஞ்சும்படி குழந்தையைப் பழக்குவது எத்தகைய விவேகம்?

பாவநகரில் கிஜுபாயுடன் பணியாற்றியவர்களுள் தாராபாய் மோதக் அம்மையார் முதன்மையானவர். அவர் பிற்காலத்தில் மகாராஷ்டிரத்தின் கடலோரப் பகுதியிலுள்ள பழங்குடிக் குழந்தைகளிடம் சென்றார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்காகப் பள்ளியே அவர்களுடைய வீட்டு முற்றத்திற்குச் சென்றது. அங்கணம் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபின், ‘அங்கன்வாடி’ என்ற சொல் நாடெங்கும் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை பரவியது. ஊட்டச்சத்தும், தடுப்பூசியும், விளையாட்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் கருத்து.

கிஜுபாய் 1939-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தமது 53-ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்து, சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்.

‘பகல் கனவு’ நூலில் மனத்தை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. அந்த ஆசிரியர் பிள்ளைகளின் நலம் குறித்துக் கலந்து பேசப் பெற்றோரை அழைக்கிறார். அழைப்பு அனைவருக்கும் போகிறது. வந்தவர்கள் மிகச் சிலரே. ஏனையோருக்கு வேலை இருந்தது.