ஓர் எழுத்து மாறினால்

'மரம்' என்னும் சொல்லில் இடையின ரகரத்தை நீக்கி வல்லின றகரத்தை இட்டுப் பாருங்கள். 'மறம்' ஆகிவிடும். நிழல் தருவது மறைந்து வீரம் வந்து நிற்கும். உயிர்களின் உடலிலும் இத்தகைய எழுத்து மாற்றம் உண்டு.

பூவார்க் கரையில் நெட்டைத் தென்னையையும் குட்டைத் தென்னையையும் அருகருகே நட்டாலும் இரண்டும் ஓர் உயரம் வளர்வதில்லை. மண்ணும் நீரும் ஒன்றே, மரபணு வேறு. மரபணு என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன குறிப்பு. அதன் படியை ஆர்.என்.ஏ. எடுத்துச் செல்ல, செல்லினுள் உள்ள ரைபோசோம் மும்மூன்று எழுத்துகளாக அதனைப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குகிறது. அப்புரதங்களின் செயலே பண்பாக வெளிப்படுகின்றது.

நம் குருதிக்குச் செந்நிறம் தந்து உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் ஒரு புரதமே. அதன் பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. மரபணுவில் 'ஜிஏஜி' என்பது 'ஜிடிஜி' என மாறினால், ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமரும். மாறியது ஓர் எழுத்துத்தான். ஆயினும் உயிர்வளி குறையும்போது இப்புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய குருதிக்குழாய்களை அடைக்கிறது. எலும்பு மூட்டுகளில் பொறுக்க இயலாத வலி உண்டாகும். 120 நாள் வாழ வேண்டிய அணு சில வாரங்களுள் அழியும். இதுவே அரிவாள் செல் சோகை. மலையாளத்திலும் 'அரிவாள் ரோகம்' என்பர்.

இந்தியாவில் இப்பண்பு முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் அறியப்பட்டது. வயநாட்டிலும் காணப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவர்க்கே நோய் வரும். ஒன்றை மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். கடுமையான மலேரியாவிலிருந்து அவர்க்குப் பாதுகாப்பும் உண்டு. கொசு மிகுந்த காடுகளில் இம்மாற்றம் நிலைத்தது அதனாலேயே. ஆகவே இதனை ஒரு குலத்தின் குறை எனப் பேசுவது அறியாமை. எளிய குருதிப் பரிசோதனையால், மணத்திற்கு முன்னரே இதனை அறியலாம்.

பயிற்சி

1. ரகர, றகர மாற்றத்தால் பொருள் வேறுபடும் சொல்லிணைகள் மூன்று எழுதுக.
2. பெற்றோர் இருவரும் மாறிய மரபணு ஒன்றையே உடையவர் எனில், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஏன்? படம் வரைந்து விளக்குக.