விசுவாச மந்திரமும் ஒரு சொல்லின் திருத்தமும்



ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று விசுவாச மந்திரம் சொல்லுகிறோம். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. வாய் மந்திரத்தைச் சொல்ல, கை காணிக்கைக்குச் சில்லறை தேடுகிறது. பெரியவர்கள் இதை விசுவாச மந்திரம் என்பார்கள். பிள்ளைகள் நம்பிக்கை அறிக்கை என்று படித்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், இது தமிழர் வாய்க்கு வந்து சேர்ந்த விதத்தை நம்மில் அறிந்தவர் சிலரே. ஆகையால் இவ்வாரம் அதைச் சற்றுப் பார்ப்போம்.

அர்ச். சவேரியார் 1542-ம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கேயிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆயினும் போதிப்பார் இல்லாமையால், தாங்கள் கிறீஸ்தவர்கள் என்பதற்கு மேல் அதிகம் ஒன்றும் அறியார்கள். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, மிகுந்த பிரயாசையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளை அழைத்தார்.

1544-ம் ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமையிலுள்ள தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில் தாம் கற்பித்த முறையை அவரே விவரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், சிறுவர் யாவரையும் கூட்டி, விசுவாச மந்திரத்தின் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒவ்வொன்றின் முடிவிலும், “இதை உறுதியாய் விசுவசிக்கிறீர்களா?” என்று கேட்பார். ஜனங்கள் நெஞ்சின்மேல் கைகளைச் சிலுவையாக மடக்கி, விசுவசிக்கிறோம் என்று ஒரே குரலாய்ப் பதில் சொல்லுவார்கள். மற்றச் செபங்களைவிட இதையே அதிகம் சொல்லுவித்ததற்கு அவர் கூறும் காரணம், இந்தப் பன்னிரண்டையும் விசுவசிப்பதனாலேயே ஒருவன் கிறீஸ்தவன் எனப்படுகிறான் என்பது.

அதே ஆண்டில் அவர் தம் தோழரான மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய ஒரு கடிதந்தான் நமக்கு முக்கியம். விசுவாச மந்திரத்தின் தமிழில் பிழை இருப்பது அவருக்குத் தெரிய வந்திருந்தது. விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் “எனக்கு வேணும்” என்று வந்திருந்தது! கடற்கரை ஜனங்கள் சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாகச் சர்வேசுரன் எனக்கு வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். “வேணும்” என்பதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைக்கும்படி சவேரியார் எழுதினார். சேசுநாதர் பாடுபட்டதைக் கூறும் இடத்திலும் பலவந்தத்தாலே என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்திருந்தது. ஆண்டவர் மனமொப்பியே பாடுபட்டார், பலவந்தத்தால் அல்லவென்று அதையும் நீக்கச் சொன்னார்.

இதைப் படித்துச் சிரிப்பவர் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுச் செபங்களை எண்ணிப் பாருங்கள். மகனுக்கு வேலை வேணும், மகளுக்கு வரன் வேணும், பரீட்சையில் மார்க்கு வேணும், வெளிநாடு போக விசா வேணும். இவை தகாத மன்றாட்டுகள் அல்ல. அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் ஆண்டவரே. ஆனால் விசுவாச மந்திரத்தில் நாம் யாதொன்றும் கேட்பதில்லை. நமக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சே இல்லாமல், சர்வேசுரன் இன்னார், நமக்காக இன்னது செய்தார் என்று எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறோம். கேட்டது கிடையாத நாளிலும், வீட்டில் சாவு விழுந்த நாளிலும் அதே வார்த்தைகளைச் சொல்லலாம். “வேணும்” என்பதில் நிற்கிற பக்தி, கேட்டது வராவிட்டால் வேறு வாசலைத் தேடிப் போய்விடும்.

அப்படியானால் பிழையாய்ச் சொன்ன அந்த ஏழை ஜனங்களின் விசுவாசம் வீணோ? ஒருக்காலும் இல்லை. அவர்கள் மனதை ஆண்டவர் அறிவார். ஆனாலும் மனம் நல்லதென்று சொல்லைத் திருத்தாமல் விட சவேரியார் சம்மதிக்கவில்லை.

“இருதயத்தில் விசுவாசம் இருந்தால் போதாதா, மனப்பாடம் எதற்கு?” என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. அர்ச். சின்னப்பர் ரோமையருக்கு எழுதிய நிருபத்தில் இருதயத்தையும் வாயையும் சேர்த்தே பேசுகிறார். நமது மயிலைக்குச் சொந்தமான அர்ச். தோமையாரும் மனதிற்குள் விசுவசித்துப் பேசாமல் இருந்துவிடவில்லை. உயிர்த்த சேசுவை ஆண்டவரென்றும் கடவுளென்றும் வாய்திறந்து அறிக்கையிட்டார். அந்த அறிக்கையைப் பிற்காலத்தில் ஆரியுஸ் என்பவன் குறைத்து, சுதன் படைக்கப்பட்டவர் என்று போதித்தபோது, 325-ம் ஆண்டு நிசேயாவில் கூடிய மேற்றிராணிமார் சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று எழுதிவைத்தார்கள். அதன் 1700-ம் ஆண்டு நிறைவுக்காக 2025-ல் பாப்பரசர் பதினான்காம் சிங்கராயர் அவ்வூருக்கே போய், மற்றச் சபைத் தலைவர்களோடு நின்று செபித்தார்.

நம் கோபாலபுரத்தை ஒட்டிய கதீட்ரல் சாலை, அர்ச். ஜார்ஜ் பேராலயத்தால் பெயர் பெற்றது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது அங்கேதான். அப்போஸ்தலர் மந்திரத்தையும் நிசேயா மந்திரத்தையும் அவர்களும் ஏற்றுக்கொள்ளுகிறார்கள். நாம் கத்தோலிக்கம் என்னுமிடத்தில் அவர்கள் பொது என்பார்கள். நம்மைப் பிரிக்கிற காரியங்கள் சிறியவை அல்ல. ஆயினும் இந்த மந்திரத்தைச் சொல்லும்போது பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. பிள்ளையும் நம் பிள்ளையும் பெரும்பாலும் ஒன்றையே சொல்லுகிறார்கள் என்பதைப் பெற்றோர் கவனித்திருப்பீர்கள்.

சவேரியார் 1545-ம் ஆண்டில் மயிலைக்கு வந்து, தோமையார் கல்லறையருகே சில மாதம் தங்கிச் செபித்தார். கடற்கரையில் அவர் கையாண்ட முறையை வீட்டிலும் கையாளலாம். இரவு செபமாலை தொடங்குமுன் தகப்பனோ தாயோ விசுவாச மந்திரத்தின் ஒரு பிரிவை மாத்திரம் நிறுத்திச் சொல்லி, “இதை விசுவசிக்கிறாயா?” என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கையை மடக்கிப் பதில் சொல்லட்டும். பிள்ளை பொருள் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் ஞாயிறன்று குருவானவரிடம் கூட்டி வாருங்கள். பன்னிரண்டு பிரிவுக்கும் பன்னிரண்டு இரவு போதும்.